குவியலும் காட்சியும்

சினிமா பார்த்துவிட்டு வருகிறவன் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தையாவது திட்டாமல் தூங்கப் போவதில்லை. நாவலுக்கு மதிப்புரை உண்டு. கச்சேரிக்கு விமரிசனம் உண்டு. கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட, பந்தியிலிருந்து எழுந்து கை அலம்புவதற்குள் விமரிசனம் வந்துவிடுகிறது. ஆனால் தீபாவளிக்கு முந்திய பத்து நாட்களில் நம் ஜனங்கள் ஓயாமல் பார்ப்பது கடை முகப்புகளைத்தான். அந்தக் கலையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதக் காணோம். ஆகவே, காவேரிப்பட்டினத்தில் ஆரம்பித்துக் கர்நாடக எல்லை வரையில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போனேன். வாங்கியது கொஞ்சம், பார்த்தது அதிகம்.

காவேரிப்பட்டினம் என்றதும் வாசகர்கள் பூம்புகாருக்குப் போய்விட வேண்டாம். இது கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். பெயரில்தான் காவேரி. இருந்தாலும் பெயர்ப் பொருத்தம் வீண்போகவில்லை. இந்திர விழாக்காலத்துப் புகாரின் கடைத்தெருவைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், நெய்கிறவர், பொன் வேலை செய்கிறவர், மீன் விற்கிறவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்திக் காட்டுகிறார். இந்தக் காவேரிப்பட்டினத்துச் சின்ன ஜவுளிக்கடைக்காரருக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கிறது. கண்ணாடி கிடையாது. தாழ்வாரத்துக் கம்பியில் மூன்று புடவைகள் தொங்குகின்றன. உள்ளே முந்நூறு இருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம். தொட்டுப் பார்க்கலாம்; விலை கேட்கலாம்; “உள்ளே வாங்கக்கா, இதே கலர்ல வேற பார்டர் இருக்குது” என்று பதிலும் வரும். தொங்குகிற புடவையில் தூசி படிகிறது, ஒரு பக்கம் வெயிலில் வெளுக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் மூன்றைக் காட்டி முந்நூறை நினைக்க வைப்பதை நான் கலை என்றே சொல்வேன். சிறுகதைக்காரன் செய்ய ஆசைப்படுவதும் அதுதானே?

அங்கிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு வந்தால் கண்ணாடி ராஜ்யம். தொழிற்சாலைகள் கொண்டுவந்த சம்பளமும் பெங்களூரின் அண்மையும் கடைகளை மாடி மாடியாக உயர்த்தியிருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் நிற்கின்றன. மூக்கும் முழியும் எந்தத் தேசத்தைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாது. பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு கையைத் தூக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் தெர்மோகோல் மயில், பிளாஸ்டிக் மாவிலை, கண்ணைக் குத்தும் சீரியல் விளக்கு. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கிருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது. சும்மா பார்க்கக் காசு கேட்காத கொட்டகை இந்த ஒன்றுதான்.

நியூயார்க்கில் மேஸி என்ற பெரிய கடை 1874-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தன் ஜன்னலில் பீங்கான் பொம்மைகளை வைத்துக் காட்சி அமைத்தது. அதை இந்தக் கலையின் பிறந்தநாள் என்பது போல் மேல்நாட்டார் எழுதுகிறார்கள். நமக்கு அது அவ்வளவு புதிதல்ல. நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை வைக்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் அதையே பொம்பெ ஹப்பா என்கிறார்கள். கொலுவில் எல்லாப் பொம்மையையும் வைத்துவிட முடியாது. படிகள் இத்தனைதான் என்று முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரப்பாச்சிக்கு ஓர் இடம், செட்டியார் பொம்மைக்கு ஓர் இடம். மிஞ்சியது பெட்டியிலேயே இருக்கும். எதை வைப்பது என்பதோடு எதை வைக்காமல் விடுவது என்பதையும் கொலு வைக்கிற பாட்டிமார்கள் அறிவார்கள். என்னிடம் அளவுகோல் கேட்டால் அதைத்தான் கொடுப்பேன்.

அந்த அளவுகோலோடு ஓசூரைத் தாண்டி, ஜூஜூவாடி எல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள். தீபாவளி வந்தால் பெங்களூர்க் கார்கள் பட்டாசு வாங்க இங்கேதான் வந்து நிற்கின்றன. இந்தக் கடைகளில் காட்சி என்று தனியாக ஒன்றும் இல்லை, சரக்கே காட்சி. தரையிலிருந்து கூரை வரையில் பெட்டி மேல் பெட்டி. “எவ்வளவு இருக்கு பார்!” என்பதைத் தவிர அந்த முகப்பு வேறெதுவும் சொல்வதில்லை. ரசனைக் குறைவு என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். இங்கே அது போதாது.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி, எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. 14 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தீபாவளிச் சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்கலாம் என்று வந்தவர்கள். தர்மபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்திலிருந்து மட்டும் பல பிள்ளைகள். அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத முன்னால், ஜூலை 29-ஆம் தேதி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு வைத்திருந்த கட்டடம் வெடித்து 9 பேர் இறந்தார்கள். பக்கத்துக் கட்டடங்களும் விழுந்தன.

2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளைப் படித்தபோது, அதை எழுதியவர் நல்ல விமரிசகராக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பண்டிகைக்குப் போடும் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு கடை இன்னொரு கடையைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. மின்சார விளக்கைச் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டுமே தவிர, கம்பியில் தொங்கவிடக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. அலங்காரத்தைப் பற்றி என்ன எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேனோ, அதையெல்லாம் சர்க்கார் உயிரைப் பற்றிய கவலையில் எழுதி வைத்திருக்கிறது. இடம் விட்டு வை, நெருக்காதே, தொங்கவிடாதே, அளவோடு நில்.

கடைக்காரர் ஏன் குவிக்கிறார்? நாம் குவியலைப் பார்த்துத்தான் காரை நிறுத்துகிறோம். நாலே நாலு மாதிரிப் பெட்டிகளை வைத்துவிட்டு, மீதியைத் தூரத்துக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கிற கடையை, “சரக்கே இல்லை போலிருக்கிறது” என்று தாண்டிப் போகிறோம். நாடகம் மோசமாகிறது என்றால் கைதட்டுகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. வருகிற தீபாவளிக்கு வாசகர்கள் அந்த நாலு பெட்டிக் கடையைத் தேடிப் பிடித்து வாங்கட்டும். அங்கே வேலை செய்கிற பையன் பண்டிகைக்கு ஊர் போய்ச் சேர வேண்டும். இந்தக் கலையில் நான் கேட்கும் முதல் அழகு அதுதான்.