டெலோமரேஸுக்கு வேறு வேலை உண்டா?

அமெரிக்காவின் நெவார்க் நகரிலுள்ள நியூஜெர்சி மருத்துவப் பள்ளியில் ஜனீன் சாண்டோஸின் குழு 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டெலோமரேஸின் புரதப் பகுதியான டெர்ட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. அங்கே தன் வழக்கமான துணையான ஆர்.என்.ஏ. இல்லாமலேயே, வேறு ஆர்.என்.ஏ.க்களைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது என்றது அது. குரோமோசோம் முனைகளைக் காப்பதற்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட நொதிக்கு இது பெரிய உரிமைகோரல். டெலோமியர் எனப்படும் அந்த முனைகளை நீட்ட டெர்ட்டும் அந்த ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தே ஆகவேண்டும்.

இப்படிப்பட்ட உரிமைகோரல்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பேன்.

அதிகம் பேசப்பட்டது ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் ஆர்டாண்டி குழுவின் பணி. எலித் தோலில் டெர்ட்டைக் கூட்டியபோது உறங்கிக் கிடந்த மயிர்க்கால் குருத்தணுக்கள் விழித்தன; டெலோமரேஸின் அந்தத் துணை ஆர்.என்.ஏ. இல்லாத எலிகளிலும் அப்படியே நடந்தது. 2009-இல் அவர்கள் ஒருபடி மேலே போய், டெர்ட் நேராக, உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் வின்ட் சமிக்ஞைப் பாதையின் மரபணுக்களில் போய் அமர்கிறது என்றார்கள். மயிர்க்கால் சோதனையை நான் நம்புகிறேன். ஆனால் அது இயல்பைவிட மிக அதிகமாகத் திணிக்கப்பட்ட டெர்ட் என்ன செய்யக்கூடும் என்பதைத்தான் காட்டுகிறது. இயல்பான அளவோ, புற்றணுவில்கூட, சில நூறு மூலக்கூறுகள்தான்.

எதிர்ச்சாட்சி வலுவானது. டெலோமரேஸைக் கண்டுபிடித்த இருவரின் ஆய்வகங்களிலிருந்தே அது வந்தது. 2011-இல் கரோல் கிரைடர் குழு டெர்ட் இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தது. டெலோமியர் இன்னும் நீளமாக இருந்த முதல் தலைமுறையில் கோளாறும் இல்லை, மரபணு வெளிப்பாட்டில் மாற்றமும் இல்லை. 2014-இல் எலிசபெத் பிளாக்பர்ன் குழு மார்பகப் புற்றணுக்களில் தேடியும் டெர்ட்டுக்கும் வின்ட் பாதையின் பீட்டா-கேட்டனின் புரதத்துக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. சோதனைக்குப் பயன்பட்ட ஆன்டிபாடி தவறான புரதத்தையும் பற்றிக்கொள்வதை அவர்கள் காட்டினார்கள்; முன்பு தெரிந்த இணைப்பு அதனால் இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை வின்ட் வழக்கு இங்கே தோற்றது.

மைட்டோகாண்ட்ரியா வழக்கு அப்படியல்ல. டெர்ட் புரதத்தின் முன்முனையிலேயே அந்த உறுப்புக்குச் செல்லும் முகவரி எழுதியிருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் வந்தால் அது உட்கருவைவிட்டு அங்கே நகர்வதை வெவ்வேறு ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. சிக்கல், அங்கே போய் நல்லது செய்கிறதா கெட்டதா என்பதில்தான். 2004-இல் சாண்டோஸே பங்கேற்ற ஆய்வில், டெர்ட் கூடிய உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. கூடுதலாகச் சிதைந்தது. 2008-இல் நியூகாசில் குழுவும், 2009-இல் ஜெர்மனியில் யூடித் ஹேண்டெலர் குழுவும் அது பாதுகாக்கிறது என்றன. உயிரணு வகையும் அழுத்தத்தின் அளவும் வேறுபட்டதால் இப்படி ஆகியிருக்கலாம். ஆனால் நேரெதிர் முடிவுகள் இருக்கும்வரை 'பாதுகாவலன்' என்ற பட்டத்தைக் கொடுக்க மாட்டேன்.

எனவே என் தீர்ப்பு: மைட்டோகாண்ட்ரியாவில் டெர்ட் இருப்பது மெய், அங்கே அதன் பணி நிறுவப்படவில்லை. நிறுவ வேண்டுமானால் டெலோமியர் நீளமாக இருக்கும் எலியில், இயல்பான அளவு டெர்ட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் நுழையவிடாமல் தடுத்துப் பார்க்கவேண்டும். மருத்துவத்துக்கும் இது முக்கியம். 2024 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமெடெல்ஸ்டாட், டெலோமரேஸைத் தடுத்து வேலை செய்யும், எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் ரத்தசோகைக்கான மருந்து. அது பற்றுவது டெலோமரேஸின் ஆர்.என்.ஏ.வை. டெர்ட் தனியாக ஏதாவது செய்கிறதென்றால், அந்த மருந்து அதை நேராகத் தொடாது.