கையை விட்ட விமானத்தை ரஸிப்பது எப்படி?

ரேடியோவினால் இயக்கப்படும் பொம்மை விமானம் மைதானத்தின் மேலே கரணம் போடுவதைப் பார்த்துக் கைதட்டிப் பழகியவர்கள், ரப்பரை முறுக்கிச் சுதந்திரமாகப் பறக்கவிடும் மாதிரி விமானத்தை முதன்முதலில் காணும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். அங்கே கரணமும் இல்லை; இரைச்சலும் இல்லை. பறக்கவிட்டவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, நம்மைப் போலவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். இனி அந்த விமானத்துக்கு அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இந்தக் கையாலாகாத நிலையில்தான் இக்கலையின் ரஸம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

1871-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ஆம் தேதி, பாரிஸ் நகரத்து ட்யூலரி தோட்டத்தில், அல்ஃபோன்ஸ் பேனோ என்ற 21 வயது இளைஞர் முறுக்கிய ரப்பரால் சுழலும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் தூரம் சென்றது. தூரம் பெரிதல்ல, பெரிய சங்கதி என்னவென்றால், அவர் இறக்கையின் நுனிகளைச் சற்று மேல்நோக்கி வளைத்து, வாலை இறக்கையைக் காட்டிலும் தாழ்ந்த சாய்வில் பொருத்தியிருந்தபடியால், மூக்குக் கவிழ்ந்தாலும் ஒரு பக்கம் சரிந்தாலும் அந்த விமானம் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள வல்லதாயிருந்தது. இன்று பறக்கும் ஒவ்வொரு சுதந்திர விமானமும் அதன் வாரிசுதான். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, காற்று ஒரு தள்ளுத் தள்ளிய பிறகு விமானம் எப்படித் தேறுகிறது என்பதை. நல்ல விமானம் ஒரே அசைவில், சிரமமே தெரியாமல் பழைய வட்டத்துக்குத் திரும்பிவிடும்; பக்குவப்படாதது மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாக நொண்டிக்கொண்டே போகும்.

இந்தப் பக்குவம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய விரும்புகிறவர் போட்டி நேரத்துக்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட வேண்டும். ரப்பரை முறுக்காமலே ஒருவர் விமானத்தைப் புல்தரையின் மேல் மெல்லத் தள்ளிவிடுவார், நொண்டினால் மூக்கில் ஒரு கடுகளவு களிமண்ணை ஒட்டுவார், அல்லது வாலுக்கு அடியில் நகக்கீற்றளவு பால்சா மரச்சீவலைச் செருகுவார், மறுபடி தள்ளிவிடுவார். பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும், அவருக்குப் போகாது. பிறகு ரப்பர் ஏற்றும் வைபவம். சவுக்காரமும் கிளிசரினும் தடவி வழவழப்பாக்கிய ரப்பர்க் கற்றையை அதன் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு இழுத்து வைத்துக்கொண்டு, கைராட்டையைச் சுற்றச் சுற்ற ஓரடி ஓரடியாக முன்னே நகர்ந்து வருவார். கற்றை அறுந்தால் விமானத்தின் உடலே சிதறிவிடுமாதலால், முறுக்கி முடியும் வரையில் உள்ளே ஒரு குழாயைச் செருகி வைப்பதுண்டு. அந்தக் குழாயை உருவும் க்ஷணத்தில் அவர் முகத்தைப் பாருங்கள்.

முறுக்கிய பின் உடனே விடுவார் என்று எண்ணாதீர்கள். சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்றுக் குமிழ் ஒன்று அந்தப் பக்கமாக வரும் வரையில் அவர் காத்திருப்பார். நம் ஊர் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் முற்பகலில் பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வது தெரியுமே, அதே காற்றுத்தான். கழியின் உச்சியில் கட்டிய மெல்லிய ஜிகினாத் துண்டு திசை மாறுவதையும், கன்னத்தில் படும் காற்றின் உஷ்ணத்தையும், சோப்புக் குமிழிகள் கிளம்பும் விதத்தையும் கொண்டு அதன் வரவை ஊகிக்கிறார்கள். அவசரப்படுகிறவன் இறங்கும் காற்றில் விமானத்தை விட்டுவிட்டு, தன் மாதக்கணக்கான உழைப்பு ஒரு நிமிஷத்தில் தரை தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சர்வதேசப் பந்தயங்களில், ரப்பர் நீங்கலாக 200 கிராமுக்குக் குறையாத விமானத்தை 30 கிராமுக்கு மேற்படாத ரப்பர் தூக்கிச் செல்கிறது. எறிந்தவுடன் அது ஏறக்குறையச் செங்குத்தாகப் பாயும். பிறகு வேகம் தணிந்து வட்டமிட்டு ஏறும். ரப்பர் தீர்ந்ததும் விசிறியின் இரண்டு இலைகளும் பின்னால் மடங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஏறுவது நின்று மிதப்பது தொடங்கும் அந்தச் சந்தியில் தடுமாற்றம் இல்லாதிருப்பதே உயர்ந்த வேலைப்பாட்டுக்கு அடையாளம். 3 நிமிஷம் பறந்தால் அந்தச் சுற்றுக்கு முழு மதிப்பெண் என்பது பொதுவான கணக்கு. கடிகாரத்தைப் பார்ப்பவர் பார்க்கட்டும், நீங்கள் அந்தச் சந்தியைப் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், திறந்த வெளியைவிடக் கூரைக்கு அடியில் நடப்பதே அழகு. ருமேனியாவில் ஸ்லானிக் என்னும் ஊரில், உப்பை வெட்டியெடுத்த பழைய சுரங்கத்துக்குள், 54 மீட்டர் உயரமுள்ள மண்டபங்களில் உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கே உஷ்ணநிலை எப்போதும் 12 டிகிரி, காற்றோ அசைவதே இல்லை. அங்கே பறப்பது 55 சென்டிமீட்டர் அகலமும், ரப்பர் நீங்கலாக ஒன்றரைக் கிராம்கூடத் தேறாத எடையும் கொண்ட, ஈசல் இறகு போன்ற மெல்லிய படலம் போர்த்திய ஒரு வஸ்து. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே அது திரும்பிக்கொள்ளும். விசிறி சுழல்வதை இலை இலையாக எண்ணலாம். மனிதன் நடக்கும் வேகத்தில், 20 நிமிஷத்துக்கு மேலும், அது சுற்றிக்கொண்டே இருக்கும். விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனத்தைத் தாளம் பிசகாமல் நிறுத்திப் பாடுவது எவ்வளவு கடினம் என்று அறிந்த ரஸிகருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளியில் பறப்பவற்றுக்கு வேறொரு கஷ்டமுண்டு. நல்ல காற்றில் சிக்கிய விமானம் இறங்க மறுத்துவிடும். அதற்காக வாலைக் கட்டிய ரப்பர் வளையத்தில் ஒரு சிறு திரியைப் புகையவிட்டு அனுப்புவது பழைய வழக்கம். இப்போது அந்த வேலையைச் சிறு விசைக்கருவிகள் செய்கின்றன. குறித்த நேரத்தில் வால் படக்கென்று நிமிர, விமானம் மிதப்பை இழந்து, கிடைமட்டமாகவே தொப்பென்று இறங்கும். அழகில்லாத இறக்கந்தான், ஆனால் வீடு திரும்பச் செய்வது அதுவே. திரி அணைந்துபோனால் விமானம் மேகத்தோடு மேகமாகிப் போய்விடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நீங்களும் ஒன்று செய்து பார்க்கத் துணிந்தால், இறக்கையின் அடிப்புறத்தில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் தெளிவாக எழுதிய பிறகே கையை விடுங்கள்.