அனாதை அலையின் தாய்

'தி ஆர்ஃபன் சுனாமி ஆஃப் 1700' என்று ஒரு புத்தகம். தமிழில் 'அனாதைச் சுனாமி' எனலாம். தலைப்பைப் பார்த்து நாவல் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 2005-ல் வெளியிட்ட அறிக்கை இது. அவர்கள் வரிசையில் 1707-வது. அரசாங்க அறிக்கை என்றதும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நான் படித்த துப்பறியும் கதைகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் தருவேன். செய்தது யார், எங்கே, எப்போது என்று எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கிறது, மணி உட்பட.

கதை இப்படி. 1700-ம் வருஷம் ஜனவரி 27 நள்ளிரவு. ஜப்பானின் கிழக்குக் கரையில் குவாகசாகி என்ற சின்ன ஊர். கடல் திடீரென்று ஊருக்குள் வருகிறது. 13 வீடுகள் போயின. அந்தக் களேபரத்தில் தீப்பிடித்து இன்னும் 20 வீடுகள் எரிந்தன. அதிகாரிகள் 159 பேருக்கு அரிசி கொடுத்தார்கள். இதெல்லாம் எப்படித் தெரியும்? எழுதிவைத்திருக்கிறார்கள். தெற்கே நகமினாட்டோ பக்கம் 470 மூட்டை அரிசி ஏற்றிவந்த படகு துறைக்குள் நுழைய முடியாமல் உடைந்து இரண்டு பேர் செத்தார்கள். அதற்கும் காகிதம் இருக்கிறது. மிஹோ என்ற கிராமத்தின் தலைவர்தான் எனக்குப் பிடித்த பாத்திரம். ஜனங்களைக் கோயிலுக்குப் போகச் சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து நடந்ததைக் குறித்துவைக்கிறார். அவரைக் குழப்பியது ஒரே விஷயம். பூகம்பம் வந்தால் கடல் பொங்கும் என்பது ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நிலம் அசையவே இல்லை. அப்புறம் ஏன் கடல் ஏறி ஏறி வருகிறது?

தாய் தெரியாத அலை. அதனால்தான் அனாதை. ஏறக்குறைய முந்நூறு வருஷம் அப்படியே அனாதையாக இருந்தது.

இப்போது பசிபிக்கின் மறு கரைக்கு வாருங்கள். 1986-ல் ப்ரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சதுப்பு நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். பெரிய கருவி ஏதும் இல்லை, ராணுவத்துக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு மண்வெட்டிதான். மேலே கடல் சேறு. அதற்கு அடியில் ஒரு காலத்தில் புல் முளைத்த பழைய தரை. புல்தரை கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கவில்லை, ஒரே மூச்சில் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று மண்ணைப் பார்த்தே சொன்னார். சில இடங்களில் புல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே மெல்லிய மணல் படலம், அலை கொண்டுவந்து கொட்டியது. 1987-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதினார். அதுவரை அந்தக் கடற்கரையில் ராட்சத பூகம்பம் வருமா, வராதா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். வரும், பல தடவை வந்திருக்கிறது என்று ஒரு குழி சொல்லிவிட்டது.

எப்போது வந்தது? அங்கே 1700-ல் எழுதிவைக்க ஆளில்லை. மரங்கள் இருந்தன. கோபாலிஸ் என்ற ஆற்றங்கரையில் செத்தும் விழாமல் நிற்கும் செந்தேவதாரு மரங்கள். பேய்க்காடு என்றே அதற்குப் பெயர். தரை இறங்கி, உப்புத் தண்ணீர் வேரில் ஏறிச் செத்தவை. மரத்தின் வளையங்களை எண்ணிச் செத்த வருஷத்தைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், முந்நூறு வருஷ வெயிலிலும் மழையிலும் வெளி வளையங்கள் உதிர்ந்துவிட்டன. கடைசிப் பக்கம் கிழிந்த டயரி மாதிரி. டேவிட் யமாகுச்சி முதலியவர்கள் வேரைத் தோண்டினார்கள். சேற்றுக்குள் இருந்ததால் வேரில் பட்டை அப்படியே இருந்தது. கடைசி வளையம் 1699. அடுத்த வருஷ வளர்ச்சி தொடங்கவே இல்லை. அதாவது 1699 கோடை முடிந்து 1700 வசந்தம் முழுசாக வருவதற்குள் மரங்கள் செத்திருக்கின்றன.

அங்கே ஜப்பானில் கெஞ்சி சடாகே குழுவினர் 1996-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலை பசிபிக்கைக் கடக்கச் சுமார் பத்து மணி நேரம். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அமெரிக்கக் கரையில் 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி வாக்கில். ரிக்டர் பாஷையில் ஒன்பதை ஒட்டிய பூகம்பம். கலிஃபோர்னியாவின் வடக்கிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழிந்த கடல் தரை. அனாதைக்குத் தாய் கிடைத்துவிட்டாள்.

இதைப் புத்தகமாகப் போட்டிருக்கும் விதத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நூற்று முப்பது சொச்சம் பக்கம், பெரிய சைஸ். விரித்தால் எதிரெதிராக வரும் இரண்டு பக்கத்துக்குள் ஒரு விஷயம் முடிந்துவிடுகிறது. ஜப்பானியத் தூரிகை எழுத்தின் படம், பத்தி பத்தியாக அதன் உச்சரிப்பு, கீழே மொழிபெயர்ப்பு. 'நான் சொல்வதை நம்பு' என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. இதோ சாட்சி, நீயே பார் என்று நீட்டுகிறார். நம் ஊரில் ஆராய்ச்சி நூல் எழுதுபவர்கள் இந்த ஒன்றையாவது காப்பியடிக்கலாம். ஆறு ஆசிரியர்களில் ஜப்பானியர்களின் பெயர் ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வைத்து அச்சாகியிருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் இந்த வேலையில் பாதி யாருடையது என்பதைச் சத்தமில்லாமல் சொல்கிறது.

குறையும் இருக்கிறது. சில பக்கங்களில் வரைபடமும் குறிப்பும் தீபாவளி ரங்கநாதன் தெரு மாதிரி நெரிகின்றன. அடிக்குறிப்பு எழுத்து எறும்பு சைஸ். இதைவிடப் பெரிய வருத்தம், அந்தக் கரையிலேயே வாழ்ந்த பூர்வகுடிகளுக்குக் கிடைத்த இடம் கம்மி. இடிப் பறவையும் திமிங்கிலமும் சண்டை போட்டு நிலம் ஆடிய கதை அவர்களிடம் உண்டு. வான்கூவர் தீவில் பச்சீனா விரிகுடாவில் ஒரு கிராமமே இரவோடு இரவாக அலையில் போனதை வாய்மொழியாகச் சொல்லிவந்தார்கள். குவாகசாகியில் அரிசி வாங்கிய 159 பேரும் கணக்கில் இருக்கிறார்கள். பச்சீனாவில் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. செத்தவர்கள் பக்கம் பேனா இல்லை.

ஒரு கோணத்தில் நாமும் அந்தப் பக்கம்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. எந்த வருஷம், எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நெல் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. காவியத்தின் வேலை அதுவல்ல, ஒப்புக்கொள்கிறேன். 'கடல்கோள்' என்று ஒரு அருமையான வார்த்தையை வைத்துக்கொண்டு அதற்குத் தேதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, இதை யார் படிக்கிறார்கள்? இங்கேதான் விஷயம் சுவாரசியம். சடாகேயின் 'நேச்சர்' கட்டுரையைப் படிக்க வேண்டுமானால் காசு வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்தில் ஆள் வேண்டும். அட்வாட்டர் புத்தகம் அப்படியில்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலை நிமித்தம் எழுதியதற்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. அதனால் மொத்தப் புத்தகமும் இன்டர்நெட்டில் இலவசம். பாஸ்வேர்டு கேட்காது. சிலியில் இருக்கும் வாத்தியாரும் சாத்தூரில் இருக்கும் மாணவியும் ஒரே நாளில் இறக்கிக்கொள்ளலாம். அறிவியல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்வதற்கு மேதைமை மட்டும் போதாது, இந்த மாதிரி ஒரு சலிப்பூட்டும் சட்டமும் தேவைப்படுகிறது.

ஆனாலும் உலகம் இந்த விஷயத்துக்காகப் பதறியது புத்தகத்தால் இல்லை. 2015 ஜூலையில் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் கேத்ரின் ஷுல்ஸ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதே பூகம்பம், அதே பேய்க்காடு, அதே அனாதை அலை. இன்டர்நெட்டில் பற்றிக்கொண்டது. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. கட்டுரை நிஜமாகவே நன்றாக இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்ப விஞ்ஞானிகள் கூட்டம் நடக்கும்போதே பூகம்பம் வந்த காட்சியில் ஆரம்பிக்கிறார். நிலத்தட்டுகள் எப்படி மோதுகின்றன என்பதற்கு நம் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரலாலேயே விளக்கிவிடுகிறார். ஆயிரம் படம் போட்டாலும் வராத தெளிவு. ஆனால் படித்து முடித்ததும் மிச்சமிருப்பது பயம். ஜனங்கள் என்ன செய்வது என்று கேட்டுத் துளைக்க, அதே மாதத்தில் தற்காப்புக்கு என்று இன்னொரு கட்டுரை எழுத வேண்டிவந்தது. அட்வாட்டர் பயமுறுத்துவதில்லை. தோண்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதனால் பாதிப் பேர் பயப்படுவதே இல்லை என்பதும் உண்மை. எது மேல்? எனக்கு அட்வாட்டர்தான். ஆனால் ஷுல்ஸ் இல்லாவிட்டால் அட்வாட்டரைத் தேடிப் போனவர்களில் பலர் போயிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

படித்தவர்கள் என்ன செய்தார்கள்? வாஷிங்டன் மாநிலக் கரையில் வெஸ்ட்போர்ட் என்ற சின்ன ஊர். ஓடிப் பிழைக்க மேடு கிடையாது. 2013-லேயே, அதாவது பத்திரிகைக் கட்டுரைக்கு இரண்டு வருஷம் முன்பே, ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் மேல் வரிச்சுமை ஏற்றிக்கொண்டு, ஒகோஸ்டா ஆரம்பப் பள்ளியை அலை வந்தால் மொட்டை மாடியில் ஆயிரம் பேர் நிற்கும்படி கட்டிக்கொண்டார்கள். 2016-ல் திறந்தது. வட அமெரிக்காவில் இந்த வகையில் முதல் கட்டடம். பக்கத்து மாநிலமான ஓரிகனில் நேர் எதிர். அலை எட்டும் பகுதியில் புதுப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டக்கூடாது என்று 1995-லிருந்து இருந்த தடையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். கடற்கரை ஊர்கள் வளர வேண்டுமாம். உலகமே படித்த கட்டுரை வந்து நாலே வருஷம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2023 பிப்ரவரி 3 அன்று நெதர்லாந்துக்காரர் ஒருவர், துருக்கி, சிரியா பக்கம் 'இன்றைக்கோ என்றைக்கோ' 7.5 அளவில் பூகம்பம் வரும் என்று ட்விட்டரில் எழுதினார். மூன்றாம் நாள் 7.8 வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் உயிர்ப்பலி. அவர் எழுதியதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவர் ஆதாரம் கிரகங்களின் சேர்க்கை. நமக்குப் பழக்கமான சரக்குதான், பஞ்சாங்கத்தை ஆங்கிலத்தில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. 'என்றைக்கோ' என்பது ஜோசியம் இல்லை. அந்தப் பிளவில் பெரிய பூகம்பம் பாக்கி இருக்கிறது என்பது நிலவியலாளர்கள் வெகுநாளாகச் சொல்லிவந்தது. நாள் குறித்துப் பெரிய பூகம்பத்தை இதுவரை எந்த விஞ்ஞானியும் சொன்னதில்லை என்று அதே அமெரிக்க ஆய்வுத் துறை தெளிவாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்குக் கோடி வாசகர்கள் கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பூகம்பத்தை மணி சுத்தமாகச் சொன்னவரைவிட, மூன்று நாளைக்கு முன்னால் மழுப்பலாகச் சொன்னவருக்குக் கூட்டம் அதிகம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 1999-லேயே அட்வாட்டரும் சகாக்களும் 'சுனாமியில் பிழைப்பது' பற்றிச் சின்னக் கையேடு ஒன்று போட்டார்கள். சிலி, ஹவாய், ஜப்பான் மூன்று இடத்திலும் 1960 அலையில் பிழைத்தவர்கள் சொன்னது. மேட்டுக்கு ஓடு, சாமானை விடு, ஒரு அலையோடு முடியாது, இறங்கி வராதே. அவ்வளவுதான். பிறகு ஸ்பானிஷிலும் வந்தது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் கிழிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் நம் கரைக்கு அலை வந்தது. நாகப்பட்டினத்தில் அந்தக் காலையில் நின்றவர்களுக்கும் மிஹோ கிராமத் தலைவருக்கும் அதிக வித்தியாசமில்லை. தாய் எங்கோ, அலை இங்கே. முதல் அலை திரும்பிக் கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கவும் சாமான் எடுக்கவும் போனவர்கள் உண்டு. கையேட்டின் மூன்றாவது வரி யாரோ ஒருவர் காதில் விழுந்திருந்தால் என்று யோசிக்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை. ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்.

2008-ல் தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் மண்ணைத் தோண்டி, 2004 மணலுக்கு அடியில் சுமார் அறுநூறு வருஷம் முந்தைய இன்னொரு மணல் படலத்தைக் காட்டிய குழுவிலும் அட்வாட்டர் இருந்தார். ஆக, நம் கடலுக்கும் இது முதல் தடவை இல்லை. அந்தப் பழைய அலை இந்தப் பக்கம் யார் வீட்டைக் கொண்டுபோனது என்று எழுதிவைத்த கிராமத் தலைவர் நமக்குக் கிடைக்கவில்லை.

புத்தகத்தை இறக்கிக்கொண்டால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நிலவியலில் மூச்சு முட்டும். 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பாக எடுங்கள். நடுப்பகுதியில் மிஹோ வரும் பக்கங்களுக்கு நேராகப் போங்கள். தூரிகை எழுத்தைத் திரையில் பெரிதாக்கி, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பத்தியாக, மொழிபெயர்ப்பை விரலால் தொட்டுக்கொண்டே படியுங்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.