ஐந்து கால் குதிரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் கைப்பேசியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பிப் பனோரமா எடுப்பவர்களுக்கு சீசனில் பஞ்சமில்லை. மலை, பனிமூட்டம், படகுத்துறை எல்லாம் நீளவாக்கில் ஒழுங்காக வந்து விழும். குறுக்கே ஒரு சவாரிக் குதிரை நடந்தால்தான் வம்பு. கேமரா திரும்பும் பக்கமே குதிரையும் நடந்தால் அதன் உடம்பு ரயில் பெட்டியாக நீளும்; எதிர்ப்பக்கம் நடந்தால் கன்றுக்குட்டியாகச் சுருங்கும். சில படங்களில் ஐந்து கால். சிலவற்றில் தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நடுவில் ஏரித் தண்ணீர்.

பனோரமா ஒரே கணத்தில் பிடித்த படம் அல்ல. அடுத்தடுத்த கணங்களைக் கீற்றுக் கீற்றாக ஒட்டியது. மலைக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. குதிரை அதற்குள் ஓரடி எடுத்து வைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் ஒரே ஆண்டில் தொட்டவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு நொடித் துணுக்கு நேரம் தரையை விட்டு எழுவதைக் காட்டினார். அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சுற்றிலும் 13 படங்களாக எடுத்துச் சுமார் 17 அடி நீளத்துக்குச் சேர்த்தார். ஒன்றில் காலத்தை நறுக்கினார், மற்றொன்றில் இடத்தைத் தைத்தார்.

தமிழகத்தில் இந்தத் தையல் வேலை அதற்கு 20 ஆண்டுகள் முந்தியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். மதுரையும் புதுக்கோட்டையும் அவர் கேமராவில் பதிந்தன. அன்றைய கேமராவுக்குக் கல் தோதான ஆள். எவ்வளவு நேரம் வைத்தாலும் அசையாது.

அசையாத குதிரையை நம்மூர்க் குயவர்களான வேளார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்து வைத்திருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம் அய்யனார் கோயில் பாதையின் இரு மருங்கிலும் மண் குதிரைகள் தோளோடு தோள் நிற்கின்றன. அகலப் படத்துக்கென்றே அடுக்கியதுபோல் இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு திருவிழாவில், யாரோ ஒருவருடைய நேர்த்திக்கடனாக வந்து சேர்ந்தது. புரவி எடுப்பு என்னும் அந்தத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து முதலில் நான்கு கால்களை உள்ளே கூடாக, குழாய்போல வனைவார்கள். அவை சற்று இறுகிய பிறகே அவற்றின் மேல் வயிறும் கழுத்தும் ஏறும். பச்சை மண்ணில் கால் நிற்காவிட்டால் குதிரையே நிற்காது. சூளையில் வெந்து, வண்ணம் பூசி, கண் திறந்த பிறகு ஆட்கள் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அய்யனார் இரவில் ஊரைச் சுற்றிவர ஏறுவதற்கான வாகனம் அது. மனிதன் அதைச் சுமப்பது அந்த ஒரு நாள் மட்டுமே.

அதன்பின் யாரும் பழுது பார்ப்பதில்லை. மழையில் காது கரையும், கழுத்து விழும், பக்கத்தில் புதுக் குதிரை வந்து நிற்கும். ஒரே அகலப் படத்தில் பல காலத்துக் குதிரைகள் வரிசையாக விழுகின்றன. இதே மாவட்டத்தின் குளமங்கலத்தில் சுதையால் எழுந்த சுமார் 33 அடிக் குதிரைக்கு மாசி மகத்தில் பக்தர்கள் சாத்தும் காகிதப் பூமாலைகள் முதுகை மூடிவிடும். அங்கே படத்தை அகலமாக எடுப்பதைவிட உயரமாக எடுப்பதே சரி.

கொடைக்கானல் இருக்கும் பழநி மலைக்குத் திரும்பினால், குதிரைக்கும் இந்த நிலத்துக்கும் உள்ள உறவு ஏரிக்கரைச் சவாரியைவிட மிகப் பழையது. பழநிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்துப் பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் 2009-10இல் அகழாய்வு நடந்தது. அங்கே ஒரு ஈமக்குழியில் நெல்லோடும் ஆயிரக்கணக்கான மணிகளோடும் இரும்பு அங்கவடிகள் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் ஏறக்குறைய கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. குதிரையேறிய யாரோ ஒருவர் இந்த மலையை அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

மலைமேல் கதை பின்னால் வருகிறது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சாலை வரும்வரை பெரியகுளம் பக்கமிருந்து நடைபாதைதான் வழி. கூலியாட்கள் தலைச்சுமையோடு நடப்பார்கள். துரைகளும் துரைசானிகளும் டோலியிலோ மட்டக்குதிரையிலோ போவார்கள். ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரி லெவிஞ்சின் முயற்சியில் உருவானது. கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை 1872இல் வந்தது. புல்வெளிகளின் மேல் பைனும் யூகலிப்டஸும் சீகையும் நடப்பட்டன. இன்று ‘இயற்கை எழில்’ என்று எடுக்கப்படும் ஏரிப் பனோரமாவில் தண்ணீர், கரை மரங்கள், குதிரை எல்லாமே மனிதன் கொண்டுவந்து வைத்தவை. குதிரை முன்பிருந்தே வெளியிலிருந்து வந்த விலங்கு. கடல் கடந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகள் வந்ததாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூடத் தேறாது என்றும் மார்க்கோ போலோ எழுதினார். தட்பவெப்பமும் தீனியும் ஒத்துக்கொள்ளாத விலங்கு அது. கொடைக்கானல் குளிர் அதற்குச் சற்றுத் தேவலை.

நிலத்தோடு உண்மையில் ஒட்டிய குதிரையைப் பார்க்க ஏரியை விட்டு விலக வேண்டும். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் பொதி குதிரைகளின் முதுகில்தான் தோட்டத்திலிருந்து இறங்கிவந்தன. நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த கொடைக்கானல் மலைக் கிராமமான வெள்ளகவிக்கும் அரிசியும் சாமானும் இப்படியே போயின. சேணத்தின் இரு பக்கமும் எடை சமமாகத் தொங்க, ஒற்றையடிப் பாதையில் தலை குனிந்து ஏறும் அந்தக் குதிரைகளை யாரும் அதிகமாகப் படமெடுப்பதில்லை. அழகு குறைவு என்று நினைக்கிறார்கள்போலும். பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பில் பொதியோடு போகும் ஒரு குதிரை, மலை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிவிடும். தூண் பாறையின் முன் நிற்கும் ஆயிரம் செல்ஃபிகளால் அது முடியாது.

அப்படியொரு அகலப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முக்காலியில் கேமராவை நெடுக்குவாக்கில் நிறுத்தி, வெளிச்ச அளவைப் பூட்டி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி படங்களை எடுக்க வேண்டும். குதிரை மட்டும் எந்த ஒட்டுத் தையலிலும் சிக்காமல் ஒரே சட்டத்துக்குள் முழுசாக அடங்க வேண்டும். பனி இடையில் புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சாயங்காலம் சேணம் இறக்கியபின் ஏரிச்சாலை ஓரமாக மேய விடப்படும் குதிரைகள் பனியில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். அப்போது கைப்பேசியில் எடுத்தாலும் நான்கு கால் சரியாக விழும். வெளிச்சம்தான் இருக்காது, எடுக்க வேண்டியவர்களும் பிரெட் ஆம்லெட் கடைப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள்.