கல்லில் பெயர் இல்லாதவள்

பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவைச் சினிமாவிலாவது பார்த்திருப்போம். அதிலுள்ள ஆங்கிலக் கல்வெட்டை நின்று படிப்பவர்கள் குறைவு. 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காக்க உதவிவிட்டு இவ்விடத்தருகே மூழ்கிய கார்ல் ஷ்மிட்டின் வீரத்துக்கு நினைவு என்கிறது அது. ஷ்மிட் ஒரு டேனிஷ் மாலுமி.

இறந்தவருக்குப் பெயரும் நாளும் உண்டு. பிழைத்தவர்கள் வெறும் ‘பிறர்’. அந்த வெற்றிடத்தை ஊர்வாய் நிரப்பிக்கொண்டது. அவர் காப்பாற்றியது ஓர் ஆங்கிலேயப் பெண்ணை. அவளோ எதுவும் நடக்காததுபோல் விருந்துக்குப் போய்விட்டாள். கோபம்கொண்ட ஆளுநர் நினைவுச்சின்னம் எழுப்பச் சொன்னார். இப்படியொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கல்லில் பெண்ணும் இல்லை, விருந்தும் இல்லை. ஆனாலும் கதை நிற்கிறது. ஏன்? ஆணின் தியாகம் ஒளிர, பக்கத்தில் நன்றி கெட்ட ஒருத்தி நமக்குத் தேவைப்படுகிறாள். சாவின் விளிம்பிலிருந்து மீண்டவளின் அதிர்ச்சியை அக்கதை கேட்பதில்லை. அவள் அழுதாளா என்று மட்டும் சரிபார்க்கிறது. ஷ்மிட்டின் துணிவுக்கு இந்தக் கதை எதையும் கூட்டவில்லை.

நினைவுச்சின்னங்களைப் பொதுமக்கள் ஆதரிப்பது என்றால் கிறுக்கல்களை அழித்து வெள்ளையடிப்பது என்று நினைக்கிறோம். அதுவும் வேண்டும். ஆனால் யாரைப் பற்றி, என்ன எழுதப்படுகிறது என்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. லண்டனில் 1866 முதல் நடந்துவரும் நீலப் பலகைத் திட்டத்துக்கு இன்று யார் வேண்டுமானாலும் பெயர் பரிந்துரைக்கலாம். அங்கும் பெண்களின் பலகைகள் மிகக் குறைவு என்பதால், பெண்களின் பெயர்களை அனுப்புங்கள் என்று 2016-ல் மக்களிடமே கேட்டார்கள்.

நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இந்த நகரே அன்னி பெசன்ட்டின் பெயரில் இருக்கிறது. அவரும் மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் இந்திய மாதர் சங்கத்தை 1917-ல் தொடங்கியது பக்கத்து அடையாறில்தான். ஷ்மிட் மூழ்கிய அதே பத்தாண்டில், தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்குப் புகலிடம் தந்த அவ்வை இல்லத்தை முத்துலட்சுமி ரெட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். அதுவும் உயிர் காத்தல்தான். ஒரே நாளில் முடியாத உயிர் காத்தல். கடற்கரையின் வடகோடியில் ஊரூர் குப்பம் இருக்கிறது. அங்கே தலைமுறைகளாக மீன் விற்றுக் குடும்பத்தைக் கரைசேர்த்த பெண்களின் கதையைச் சாலையோரத்தில் யார் எழுதுவது?

பழைய கல்லைத் திருத்த வேண்டாம். அது அந்தக் காலத்தின் சாட்சி. அதன் அருகில் தமிழில் ஒரு பலகை கேட்போம். என்ன நடந்தது, பெண்ணைப் பற்றிய கதையில் எது வெறும் வதந்தி என்று அது சொல்லட்டும். மாநகராட்சி மன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மாணவிகள் குப்பத்துப் பாட்டிகளிடம் பேசிப் பெயர்களைத் திரட்டி, கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுக்கலாம். பகுதி சபையில் எழுந்து கேட்கலாம். வளைவுக்கு வெள்ளையடிக்க மாநகராட்சி போதும். ‘பிறர்’ என்ற சொல்லுக்குள் இருப்பவர்களை வெளியே கொண்டுவர நாம் வேண்டும்.