அம்மாவின் நீல மையும் ஒரு கறிவேப்பிலை அழகியும்

ராத்திரி ஒரு மணி பத்து நிமிஷம். தெருவே தூங்குகிறது. கணினித் திரையில், பாசி படிந்த எங்கள் கிணற்றுச் சுவர் மேல், இருபது வருஷத்துக்கு முன் அம்மா எழுதிய ‘து.பருப்பு 2 கிலோ’ நீல மையில் வந்து உட்கார்ந்தது. தாள் இல்லை, மஞ்சள் கறை இல்லை, மடிப்பு இல்லை, எழுத்து மட்டும்! அம்மா நேரே சுவரில் எழுதிவிட்டுப் போன மாதிரி! நான் ‘ஐயோ அம்மா!’ என்று கத்தியேவிட்டேன். கொல்லையில் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து இவர் டார்ச்சும் கையுமாக ஓடி வந்தார். “பாம்பெல்லாம் இல்லைங்க, வந்து இதைப் பாருங்க, இதைப் பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவரும் பார்த்தார். தூக்கம் போய்விட்டது, விடியும்வரை இரண்டு பேரும் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்கிறார்கள் இதை. படம் ஒட்டும் நோட்டு, ஆனால் பசையும் கத்திரிக்கோலும் கிடையாது, எல்லாம் திரையிலேயே. சின்ன வயதில் நான் மைதாப் பசை காய்ச்சி, பத்திரிகையில் வந்த பறவைப் படங்களையும் தீப்பெட்டிப் படங்களையும் நோட்டு நோட்டாக ஒட்டினவள். அத்தனையையும் ராமபாணப் பூச்சி அரித்துத் தின்றது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒட்டும் பைத்தியம் எனக்கு மட்டுமில்லை பாருங்கள், அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கும் இருந்திருக்கிறது. தண்ணீர் தொட்டாலே ஒட்டிக்கொள்கிற மாதிரி பசை தடவிய ஸ்கிராப்புக்குக்கு 1873-ல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார் மனுஷர்! அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சொந்தக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டதுபோல அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் அண்ணன் மகள். கல்லூரி லீவுக்கு மாயவரம் வந்தவள், என் போனில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்துவிட்டு, “அத்தை, இவ்வளவும் இப்படியே போன்லயே கெடந்து என்ன பண்ணப் போவுது?” என்றாள். மறுநாளே பழைய கணினியில் கிம்ப் என்ற மென்பொருளை இறக்கிப் போட்டாள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கி வைத்தது, இன்றைக்கும் சல்லிக்காசு கிடையாது. புதுப் பக்கம் திறந்து, அகலம் 3600, உயரம் 3600 என்று போடச் சொன்னாள். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி, பன்னிரண்டு அங்குலச் சதுரம். அதாவது 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள், அத்தனையும் வெள்ளையாய், என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று எனக்காகக் காத்திருக்கின்றன!

லேயர், லேயர் என்றாள். கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை ஒட்டிவைத்த மாதிரி. மேலே இருக்கிற இலையை நகர்த்தினால் கீழே இருக்கிற போட்டோ அசையாது. பிடிக்கவில்லையா, இலையை மட்டும் எடுத்துவிடலாம், கிழியாது, கறை படாது. மைதாப் பசைக்காரிக்கு இது எப்பேர்ப்பட்ட வரம்! அப்புறம் டிராப் ஷேடோ. ஒரு வேப்பிலையை வெட்டிப் பக்கத்தில் வைத்தேன், சப்பென்று படுத்துக் கிடந்தது. அவள் அதற்கு ஒரு நிழல் கொடுத்தாள், அவ்வளவுதான், இலை எழுந்து நின்றுவிட்டது! விரலால் எடுக்கப் போனேன், நிஜமாகவே திரையைத் தொட்டுவிட்டேன். “எல்லா நெழலும் ஒரே பக்கந்தான் விழணும் அத்தை, இல்லன்னா ரெண்டு சூரியன் இருக்கிற மாதிரி ஆயிரும்” என்றாள். போட்டோவுக்கு ஒட்டிய மாதிரி மெல்லிய நிழல், சுருண்ட சருகுக்குக் கொஞ்சம் விலகிய நிழல். அன்றிலிருந்து கொல்லைக்குப் போனால் நிழல்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பக்கத்துக்கு அடியில் விரிக்க விதவிதமான தாள் டிசைன்களை விற்கிறார்களாம். நமக்கு எதற்கு அதெல்லாம்? கொல்லை இருக்கிறதே! வாழை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து எடுத்தால் நரம்பு நரம்பாய் ஒரு பச்சைத் தாள். முருங்கை மரப்பட்டை ஒரு தாள். சித்திரையில் சிமென்ட் தரையில் உதிர்ந்து கிடக்கும் வேப்பம்பூ ஒரு தாள், அதைக் கூட்டிப் பெருக்கக்கூடாது என்று வீட்டில் மூன்று நாள் சட்டமே போட்டேன். துவைக்கிற கல்லை ஈரத்தோடு ஒன்று, காய்ந்தபின் ஒன்று. நிறத்துக்கும் எங்கும் போகவேண்டாம். எங்கள் கொடிக்கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. சிலந்தி நூலால் கட்டித் தொங்கவிட்ட குப்பை மூட்டை மாதிரி இருக்கும், உள்ளேதான் குடித்தனம். ஆண் சிட்டு கழுத்தைத் திருப்பிய அந்த ஒரு நொடி படத்தில் சிக்கியது. கலர் பிக்கரை அந்தக் கழுத்தின் ஊதாவில் வைத்துத் தொட்டால், அதே ஊதா, அச்சு அசலாக, எழுத்துக்கு வந்துவிடுகிறது! மகள் கல்யாணப் பக்கத்தில் அவள் பெயரைத் தேன்சிட்டின் கழுத்து நிறத்தில் எழுதியிருக்கிறேன். எந்தப் பத்திரிகை அடிக்கிறவர் தருவார் அந்த நிறத்தை?

இப்போது கறிவேப்பிலைச் செடிக்கு வாருங்கள். மழை விட்ட ஒரு காலை. கொழுந்து ஒன்றின் மேல் கசகசாவை விடக் கொஞ்சம் பெரிதாக, வெளிர்மஞ்சளாக ஒரு முட்டை. தாளிக்கக் கிள்ளப் போன கை நின்றுவிட்டது. அதிலிருந்து வந்த புழு எப்படி இருந்தது தெரியுமா, காக்கா எச்சம் மாதிரி! எந்தக் குருவி அதைத் தொடும்? கொஞ்ச நாளில் தோலை உரித்துவிட்டு இலைப்பச்சையாகிவிட்டது, செடியில் எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருந்தது. மூன்று வயதுப் பேரன் மெல்ல ஒரு விரல் வைத்தான். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று கவைக்கொம்பு ஒன்று வெளியே வந்தது, ஒரு வாடையும் அடித்தது. “பாட்டி, அது நாக்கு காட்டுது!” என்று அலறிக்கொண்டு என் புடவைக்குள் புகுந்தான், அந்த முகத்தை அப்படியே எடுத்துவிட்டேன். புழு ஒரு குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. காலையில் பல் விளக்கும் முன்னால் அதைப் பார்ப்பேன், ராத்திரி படுக்கும் முன்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அதை விட்டுவிட்டு ஊருக்குப் போக மனசில்லாமல் ஒரு வளைகாப்புக்கே போகவில்லை. பதினோராம் நாள் காலை ஏழரைக்குக் கசங்கிய இறக்கையோடு வெளியே வந்து தொங்கியது, கறிவேப்பிலை அழகி! கறுப்பு இறக்கையில் சிவப்புத் தீற்றல்கள், அப்படியென்றால் பெண். பறவைகள் தின்னப் பிடிக்காத வேறொரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து உடம்பெல்லாம் நஞ்சு ஏற்றிக்கொண்டது. அதைப்போலவே வேஷம் போட்டுக்கொண்டு இவள் தப்பித்துக்கொள்கிறாள். எச்சமாக ஒரு வேஷம், இலையாக ஒரு வேஷம், கடைசியில் நஞ்சுக்காரியாக ஒரு வேஷம்! எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அந்த மாதம்தான் பேரனுக்குக் கிருஷ்ணன் வேஷம் போட்டிருந்தோம், மயிற்பீலி ஒரு பக்கம் சாய்ந்து, வாயில் வெண்ணெய்க்குப் பதில் தயிர்சாதம் ஒட்டிக்கொண்டு. இடப்பக்கம் முட்டையிலிருந்து இறக்கைவரை ஐந்து படம், வலப்பக்கம் கிருஷ்ணன், மேலே பலூ தம்பி என்ற அந்தக் குண்டு குண்டு எழுத்துருவில் ‘வேஷம்’ என்று தலைப்பு! அந்தப் பக்கத்தை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பால்காரரை நிறுத்திக் காட்டினேன், கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பியிடமும் காட்டினேன், அவர் “சூப்பர்ம்மா” என்றார், அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் முதலில் சொன்னேனே, அம்மாவின் பக்கம், அதுதான் எனக்குச் சிகரம். அலமாரியைத் துடைக்கும்போது ஒரு மளிகைச் சீட்டு கிடைத்தது. து.பருப்பு 2 கிலோ, க.பருப்பு அரை, நல்லெண்ணெய் 1 லிட்டர், கடைசி வரியில் ‘குழந்தைக்கு பிஸ்கட்’. குழந்தை என்றது என் மகளைத்தான். சீட்டைப் போனில் படம் எடுத்தேன். லெவல்ஸ் என்ற இடத்தில் இதுதான் வெள்ளை என்று தாளின் மஞ்சளைத் தொட்டுக் காட்டினால் மஞ்சள் வெளுத்துவிடுகிறது. பிறகு அந்த லேயரை மல்டிப்ளைக்கு மாற்ற வேண்டும், வெள்ளையெல்லாம் மறைந்து கறுத்த இடம் மட்டும் அடியில் இருப்பதன் மேல் தங்கும். நான் அடியில் விரித்திருந்தது கிணற்றுச் சுவர். எழுத்து அதில் இறங்கியபோதுதான் அந்த ஒன்று பத்து கூச்சல். அதோடு விட்டேனா? மறுநாள், அம்மா அதே கிணற்றில் கயிறு பிடித்து இழுக்கிற பழைய கலர் போட்டோவை ஸ்கேன் செய்து நடுவில் வைத்தேன், அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை, நெற்றி வேர்த்திருக்கிறது. ஏதோ குறைகிறதே, குறைகிறதே என்று கொல்லைக்குப் போனேன். அம்மா கையால் நட்ட செம்பருத்தி அன்றைக்கு ஒரே ஒரு பூ பூத்திருந்தது, மகரந்தத் தண்டு நீண்டு, இதழில் ராத்திரி மழை. எடுத்தேன், வெட்டினேன், போட்டோவின் ஓரத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்தேன், நிழல் போட்டேன். நினைத்துப் பாருங்கள், அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது, இன்றைக்குக் காலையில் பூத்த பூவின் நிழல் அம்மா புடவை மேல் விழுகிறது! கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தேன், காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, அண்ணன் மகள் பின்னால் வந்து நின்று ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், கண் கொஞ்சம் வலிக்கும். குடும்பக் குழுவில் சுற்றிச் சுற்றிச் சுருங்கி வந்த படங்கள் அச்சில் மங்கலாகத்தான் விழும், எடுத்தவரிடமே மூலப்படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். லேயர்கள் பிரிந்தே இருக்க வேண்டுமானால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும், அதை மறந்து ஒரு பக்கத்தைப் பறிகொடுத்தேன், மறுபடி செய்தபோது இன்னும் அழகாக வந்தது. அம்மா பக்கத்தை அச்சுப் போட்டு அண்ணனுக்குக் கொடுத்தேன். பிஸ்கட் வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது கண்ணில்தான் இருந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய மளிகைச் சீட்டோ பால் கணக்கோ அலமாரி மூலையில் கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், பிளாஷ் போடாமல் இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள்.