பெருங்கடுங்கோவின் பாலையும் நிலைத்த அன்பும்

சங்க அகப்பாடல்களில் காதலின் உறுதி கூடியிருக்கும் காலத்தைவிடப் பிரிந்திருக்கும் காலத்திலேயே நன்கு புலப்படுகின்றது. இவ்வுண்மையைப் பலபடப் பாடியவர் சேர மரபினராகிய பாலை பாடிய பெருங்கடுங்கோ. அவர் பெயரால் 68 பாடல்கள் கிடைக்கின்றன: கலித்தொகையில் 35, அகநானூற்றில் 12, நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பப்பத்து, புறநானூற்றில் ஒன்று. பாலைக்கலி அவருடையதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஏனைய பாடல்களே அவர்தம் புலமையை உணர்த்தப் போதியன.

மழைவளமும் மலைவளமும் மிக்க சேரநாட்டார் ஒருவர் வறண்ட வழியையே மிகுதியும் பாடியது ஏன்? பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்த நிலையே அஃது எனச் சிலப்பதிகாரம் விளக்கும். பிரிவும் அத்தகையதே. அது காதலுக்குப் புறம்பானதன்று. காதலே வெம்மையுற்ற நிலை எனலாம்.

குறுந்தொகையின் 37ஆம் பாடலை நோக்குவோம். பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவியை, அவன் விரைந்து வருவான் எனத் தோழி தேற்றுகின்றாள். அவன் செல்லும் வழியில் களிறொன்று யா மரத்தின் பட்டையை உரித்துத் தன் பிடியின் பசியை ஆற்றும். அதனைக் காண்பவன் உன்னை நினையாதிரான் என்பது குறிப்பு. வருந்துவோரை இவ்வாறு அன்புக் காட்சிகளைச் சுட்டித் தேற்றும் மரபினைத் தொல்காப்பியர் பொருளியலில் கூறியுள்ளார்.

இப்பாட்டை ஆறுதல் என்ற அளவிலேயே கொள்வது பெருவழக்கு. ஆயின், யானையும் மரப்பட்டையை நாடவேண்டிய காட்டில் தலைவனுக்கு நீர் ஏது, நிழல் ஏது? தேற்றக் காட்டிய காட்சியே அவன் படும் இடரையும் காட்டிவிடுகின்றது. அன்பையும் அச்சத்தையும் நான்கே அடிகளில் பிரிக்கவொண்ணாதபடி இணைத்ததே புலவரின் வெற்றி. இங்கே சூளுரை இல்லை. என்றும் மறவேன் என்னும் முழக்கமும் இல்லை. வளமுள்ள இடத்தில் ஊட்டுதல் எளிது. வறண்ட காட்டிலும் துணையின் பசியை எண்ணுவதே நிலைத்த அன்பு.

135ஆம் பாடலில் தோழி மற்றொரு வழியை மேற்கொள்கின்றாள். ஆடவர்க்குத் தொழிலும் மனையுறை மகளிர்க்குக் கணவனும் உயிராவர் என்று தலைவனே முன்பு சொன்னான். ஆதலின் பிரியத் துணியான் என்கின்றாள். அவன் சொல்லே அவன் பயணத்துக்குத் தடையாகின்றது. பெண்ணின் உயிரைக் கணவனோடு மட்டும் கட்டிவைக்கும் அக்கருத்தை இன்று நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. தோழியின் சொல்வன்மையை வியக்காதிருக்கவும் இயலவில்லை.

பொருள்தேடிப் பிரிதல் நமக்கு ஏட்டில் மட்டும் கண்ட செய்தியன்று. திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல, தொழிலை நாடி ஊரைப் பிரிந்து வந்தோர் வழியின. இன்று நம் பிள்ளைகளும் கடல்கடந்து செல்கின்றனர். சேரர் பாடிய இச்செல்வம் மலையாளம் பேசும் நம் அயலார்க்கும் உரியது. ஆயினும், அதனை மூலமொழியில் படித்துக்காட்டும் கடமை நம்முடையது. குறுந்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய பத்தையேனும் இல்லந்தோறும் உரக்கப் படித்தல் வேண்டும். தமிழெழுத்து அறியாது வளரும் பிள்ளைகளும் அக்களிற்றையும் பிடியையும் செவிவழியே அறிந்துகொள்வர்.